ஜுமாஷ் மாமாவின் முதல் சாவுக்கு ஆன செலவு

உலகத்தில் நஷ்டமே வராத தொழில் ஒன்றே ஒன்றுதான். அது பேய்ப் படம் எடுப்பது. மெலிஸ் இதைத் தன் அக்கா ஐச்சூரெக்கின் அடுப்படியில் உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, நிதி அமைச்சர் பட்ஜெட் வாசிக்கும் குரலில் அறிவித்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவன் பழைய கார் ஒன்றின் விலைக்குப் பேய்ப் படம் எடுத்து, வந்த காசில் ஒரு தெருவையே வாங்கிவிட்டானாம். சூரியகாந்தி விதை மடித்துக் கொடுத்த தாளில் அது அச்சாகியிருந்தது. ஆதாரம் உப்புப் பிசுபிசுப்போடு அவன் சட்டைப் பையில் இருந்தது.

அது இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் மாதம். கிர்கிஸ்தானில், கொச்கோர் கடைத்தெருவில் வீடியோ கேசட் போய் சிடி வந்திருந்த காலம். மெலிஸுக்கு இருபத்திரண்டு வயது. தலைநகர் பிஷ்கெக்கில் சினிமா படிக்கப் போய், இரண்டாம் வருஷத்தில் கல்லூரியும் அவனும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டிருந்தார்கள்.

அக்காவிடம் நாற்பதாயிரம் சோம் இருந்தது. ஆறு வருஷம் அடுத்தவர்களுக்குத் துணி தைத்துச் சேர்த்தது. அக்டோபர் முதல் தேதி அதை பிஷ்கெக்கில் கட்டினால் தையல் பட்டறை ஒன்றில் இரண்டு மெஷினும் மூலையில் ஓர் இடமும் அவளுடையதாகும். கட்டாவிட்டால் அந்த மூலைக்கு இன்னொருத்தி தயாராக இருந்தாள். இடையில் இரண்டு மாதம் பணம் சும்மாதானே கிடக்கிறது என்பது மெலிஸின் வாதம்.

"செலவே கிடையாதுக்கா. ஒரு எழவு வீடு, ஒரு பிணம். மூணாம் நாள் பிணம் எந்திரிக்குது. அவ்வளவுதான் கதை."

"அழறதுக்கு ஆள் வேணுமே, அதுக்கு?"

அங்கேதான் தன் மேதைமை இருப்பதாக அவன் விளக்கினான். "நம்ம ஆளுங்களுக்கு நடிப்பு சொல்லியே குடுக்க வேணாம். வண்டியில விதை கொறிச்சுக்கிட்டு, ஆட்டு விலை பேசிக்கிட்டு வர்றான். எழவுக் கூடாரத்துக்கு நாப்பது அடி இருக்கையில சுவிட்ச் போட்ட மாதிரி 'போயிட்டியே என் தம்பி'ன்னு ஆரம்பிக்கிறான். வாசலுக்கு வந்ததும் அணைச்சிட்டு, கறி வெந்துடுச்சாங்கிறான். செத்தவன் யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த மாதிரி கூத்து உலகத்துல வேற எங்கயாவது உண்டா?"

எழுந்து நின்று நடித்தும் காட்டினான். நன்றாகவே செய்தான். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தவள் பணத்தைக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அக்டோபர் ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

பிணமாக நடிக்கத் தாய்மாமன் ஜுமாஷ் ஒப்புக்கொண்டார். முப்பது வருஷம் நாரின் வழித்தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிணமாகப் படுத்தால் நிஜமாகவே சாவு தேடி வரும் என்று ஊரில் மற்ற எல்லோரும் மறுத்த வேலை. மாமா சம்பளம் கேட்கவில்லை. தலையணை மட்டும் நல்லதாக வேண்டும், பஸ் ஓட்டி ஓட்டிக் கழுத்து போய்விட்டது என்றார். படத்துக்கு 'திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு' என்று பெயர் வைத்தார்கள். எழவுக் கூடாரத்தில் உடலைத் திரைக்குப் பின்னால்தான் கிடத்துவார்கள் என்பதால் கதைக்கும் பொருத்தம், மாமா தூங்கினாலும் வெளியே தெரியாது.

கூடாரத்தை மெலிஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் போட்டான். சாலையோர டீக்கடையிலிருந்து மின்சாரம் இழுக்கலாம், ஜெனரேட்டர் வாடகை மிச்சம். படத்தின் வரவு செலவில் அவன் செய்த ஒரே சிக்கனம் இதுதான். வினையும் அதில்தான் வந்தது.

செப்டம்பர் முதல் வாரம், காலை ஒன்பது மணி. மலை உச்சியில் புதுப் பனி விழுந்திருந்தது, வெயில் மட்டும் இன்னும் கோடைக்காலத்து வெயிலாகவே இருந்தது. வெள்ளைக் கம்பளிக் கூடாரம் ஒன்று. வாசலில் இடுப்புக் கயிறு கட்டி, கைத்தடியில் சாய்ந்து நிற்கும் நாலு ஆண்கள். உள்ளே கறுப்புத் துணி போட்டு முகம் மறைத்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் ஐந்து பெண்கள். ஓரமாக ஒரு மேஜை, அதில் ஒரு மொய் நோட்டு. நிஜம் போல இருக்கட்டும் என்று மெலிஸ் வைத்த நோட்டு அது. அதன் முன்னால் தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற ஒருவரை உட்கார வைத்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் எழவுக் கூடாரத்தைக் கடந்து போகிறவன் வண்டியை நிறுத்துவான். யார், என்ன என்றெல்லாம் முதலில் கேட்க மாட்டான். அழுவான், கேட்பது பிறகு.

முதலில் நிறுத்தியது ஒரு நிலக்கரி லாரி. டிரைவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, நாற்பது அடி தூரத்தில் தொடங்கினார். மெலிஸுக்கு ஆனந்தம். காசில்லாமல் ஒரு துணை நடிகர்! வாடகைக்குக் கூட்டி வந்திருந்த வீடியோக்காரரிடம், "எடுங்க, எடுங்க" என்றான். அழுது முடித்த டிரைவர் மேஜைக்குப் போய் இருநூறு சோம் நீட்டினார். தபால்காரர் முப்பது வருஷப் பழக்கத்தில் பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதி, கீழே கோடும் போட்டார்.

பதினோரு மணிக்குள் செய்தி பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குதிரையில் வந்தார்கள். எழவுக்கு வந்தவனைப் பசியோடு அனுப்பக் கூடாது. அதனால் படத்துக்கு என்று வாங்கிய ஒரே ஆட்டை அறுத்தார்கள். பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் ஐந்து ஆடு, இரண்டு மூட்டை மாவு, டீக்கடையின் மொத்தச் சர்க்கரை. "இது படம்" என்று சொல்ல மெலிஸ் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் யாராவது ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்துத் தோளில் அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஜும்கால் பக்கத்திலிருந்து தொக்தோசுன் என்ற பெரியவர் வந்தார். எழுபது வயது, கையில் தடி. வழக்கமான அழுகை அழுதுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, இறந்தது யார் என்று கேட்டார். பஸ் டிரைவர் ஜுமாஷ் என்றார்கள். பெரியவரின் முகம் மாறிவிட்டது. இப்போதுதான் நிஜமாக அழ ஆரம்பித்தார்.

"அந்தப் பனியில என் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்போ, ரெண்டு மணி நேரம் பஸ்ஸை நிறுத்தி வச்சிருந்தியே தம்பி! அவ ஏறாம கிளம்ப மாட்டேன்னியே! என் மூத்த மகன் உன் பஸ்ஸுலதானே பொறந்தான்!"

கூடாரத்தில் ஒருவர் கண்ணும் உலர்ந்திருக்கவில்லை. காலையிலிருந்து தனக்காக இத்தனை பேர் அழுவதைக் கேட்டபடி படுத்திருந்த ஜுமாஷ் மாமா, அடுத்தவன் பெயரைத் தட்டிக்கொண்டு போகிற ஆளில்லை. திரைக்குப் பின்னாலிருந்து தெளிவான குரலில் சொன்னார்:

"அது நான் இல்லண்ணே. அது வியாழக்கிழமை வண்டி ஓட்டுன காசிம்."

அன்றைக்கு எழுந்த அலறல் மாதிரி ஓர் அலறல் கிர்கிஸ் மலைகளில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஓடியவர்களில் இருவர் வாசலைத் தேடாமல் கூடாரத்தின் சுவர் வழியாகவே வெளியேறினார்கள். மாமா திரையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, "மன்னிச்சுக்கங்க, கழுத்து வலிக்குது" என்றார். உலகத்தின் மிகச் சிறந்த பேய்ப் படக் காட்சி, செலவில்லாமல், கண்முன்னால் நடந்தது.

வீடியோக்காரர் கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர். கூட்டம் உட்கார்ந்ததும் காமிராவைச் சாப்பாட்டின் பக்கம் திருப்புவது அவர் கையின் பழக்கம். அந்த நிமிஷத்தில் அவர் ஒரு தட்டு நிறையப் பொரித்த போர்சோக் ரொட்டியை மிக நெருக்கமாக, மிக அழகாக எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் மூச்சு வாங்கி, உண்மை தெரிந்து, மாமாவைக் கிள்ளிப் பார்த்து, மெலிஸை அவன் தகுதிக்கேற்பத் திட்டி முடித்த பிறகு, தபால்காரர் நோட்டை நீட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். நாற்பத்தொரு பெயர்கள், இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு சோம். ஒருவரும் கை நீட்டவில்லை.

"எழவுக்குக் குடுத்த காசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா?" என்றார் தொக்தோசுன். "அது கூடவே சாவையும் கூட்டிட்டுப் போற மாதிரி. வச்சுக்க ஜுமாஷ். என் எழவு நடக்கையில கொண்டு வா."

மற்றவர்களும் அதையே சொல்லிவிட்டு, மிச்சக் கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். மாமா நோட்டையும் பணத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். படத்தின் வசூல் முன்கூட்டியே வந்துவிட்டது என்றான் மெலிஸ். மாமா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

செப்டம்பர் இருபத்தெட்டு அன்று கொச்கோர் பண்பாட்டு மாளிகையில் படம் வெளியானது. நாற்காலிகள் பழைய காலத்து மரநாற்காலிகள். எழுந்தால் துப்பாக்கி சுட்ட மாதிரி மடங்கும். அரங்கம் நிரம்பி, ஜன்னலிலும் ஆட்கள். மெலிஸ் தலையை எண்ணி, முப்பது சோமால் பெருக்கி, ஒரு தெருவையே வாங்கிவிட்டிருந்தான். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அக்காதான் வந்து விவரம் சொன்னாள். நாற்பத்தொரு குடும்பமும் வந்திருக்கின்றன. அவர்கள் படத்தில் நடித்தவர்கள். நடித்தவனிடம் டிக்கெட் கேட்பது மரியாதையா? அவர்கள் கூட வந்தவர்கள் நடித்தவனின் சம்பந்திகள். டிக்கெட் வாங்கியது பதின்மூன்று பேர், எல்லோரும் வெளியூர்.

வரவு முந்நூற்றுத் தொண்ணூறு. அரங்க வாடகை நானூறு. அக்காவின் நாற்பதாயிரத்தில் ஒரு சோமும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் பிணம் எழும் காட்சியில் அரங்கமே சிரித்தது. மாமா எழுந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டார். போர்சோக் தட்டு வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. திரையில் பொன்னிறமான ரொட்டி. அதன் மேல் நாற்பத்தொரு குடும்பங்களின் அலறல். என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் பல பேர் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பதினோரு விநாடி நல்ல சினிமா என்று மெலிஸ் இன்றைக்கும் நினைக்கிறான். அதற்குப் பிறகு அவன் அப்படி ஒன்று எடுக்கவில்லை.

படம் முடிந்து இரண்டு நாள் அவன் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. முப்பதாம் தேதி காலை போனபோது அடுப்படியில் மாமா உட்கார்ந்திருந்தார். மேஜையில் பிஸ்கட் டப்பா. பக்கத்தில் இன்னொரு கட்டுப் பணம், பதினைந்தாயிரத்து ஐந்நூறு; டப்பாவில் இருந்ததோடு சேர்த்தால் சரியாக நாற்பதாயிரம். மாமா வீட்டுப் பசு கட்டுத்தறியில் இல்லை என்பதை மெலிஸ் வரும் வழியிலேயே பார்த்திருந்தான்.

"சாவுக் காசு எனக்கு வேண்டாம் மாமா" என்றாள் அக்கா.

"நான் செத்துச் சம்பாதிச்சதும்மா. என் காசு. நோட்டு என்கிட்ட இருக்கட்டும், மெஷின் உன்கிட்ட இருக்கட்டும்."

அவள் மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். இன்றைக்கு அவளிடம் பதினொரு மெஷின்கள்.

மாமா அந்த நோட்டை ஒரு வழித்தட அட்டவணை மாதிரி வைத்துக்கொண்டார். அதில் பெயர் உள்ளவர்கள் வீட்டில் யார் இறந்தாலும் பஸ் பிடித்துப் போவார். நாற்பது அடியில் அழுவார். நோட்டில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார். பென்சிலால் ஒரு கோடு. மெலிஸ் பிஷ்கெக்கில் சோப்பு விளம்பரமும் கல்யாணமும் எடுத்துப் பிழைத்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் கிண்டல் செய்வான். "உலகத்துலயே நீளமான தவணைக் கடன் மாமா இது. யாருன்னே தெரியாதவனுக்கு எப்படி மாமா அழுகை வருது?" மாமா கழுத்தைத் தடவிக்கொள்வார்.

போன பிப்ரவரியில் மாமா இரண்டாவது முறை இறந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில், அதே டீக்கடைப் பக்கம் கூடாரம் போட்டார்கள். தொக்தோசுனை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்; பஸ்ஸில் பிறந்த மகன். பெரியவர் வாசலில் நின்று மெலிஸின் காதில் கேட்டார்:

"இந்தத் தடவை நிஜம்தானே?"

"நிஜம்தான் ஐயா."

பெரியவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், எதற்கோ காத்திருப்பவர் போல. அப்புறம் அழுதார். மொய் மேஜையில், தான் இவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகச் சொல்லி, மறுபடியும் கொடுத்தார். அன்றைக்கு நெருங்கிய உறவாக வாசலில் நின்ற மெலிஸுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எழவு முடிந்ததும் அக்கா, மொய் நோட்டு இருந்த பிஸ்கட் டப்பாவை அவன் கார் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மே மாதம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம். ஜும்கால் தொக்தோசுன் போய்விட்டார், நோட்டில் பதினேழாவது பெயர் என்றாள். அவன், இன்றைக்கு ஒரு சோப்புக் கம்பெனிப் படப்பிடிப்பு இருக்கிறது என்றான். சரி என்று வைத்துவிட்டாள்.

ஆனால் படப்பிடிப்புக்குப் போகவில்லை; ஜும்கால் போகும் வழி நெடுக விதை கொறித்துக்கொண்டே ஓட்டினான். வெள்ளைக் கூடாரம் கண்ணில் பட்டதும் வண்டியை ஓரங்கட்டி, உமியை உதறி, தொப்பியைச் சரிசெய்துகொண்டான். வாசலில் தடிமேல் சாய்ந்திருந்த ஆண்கள் நிமிர்ந்தார்கள். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தான். கூடாரத்துக்கு நாற்பது அடி இருக்கும்போது, யாரும் சொல்லாமலே, அவனுக்குக் குரல் வந்தது.

வாசலில் அது நிற்கவில்லை. பஸ்ஸில் பிறந்த மகன் இரண்டு தடவை தோளைத் தட்ட வேண்டியிருந்தது. பிறகு மேஜைக்குப் போனான். நோட்டில் ஐந்நூறு என்று இருந்தது, ஆயிரம் வைத்தான்.

"யாருன்னு எழுதறது?" என்று கேட்டார்கள்.

"ஜுமாஷ்" என்றான். "பஸ் டிரைவர்."