சினைப்பசுவுக்கு அடுத்த வீடு

சங்கத்துப் பசு ஜெலிமோ வீட்டு வேலிக்குள் வந்த நாளிலிருந்து தபுதானிக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. கென்யாவின் நாந்தி மலைப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கம் இதுதான்: சங்கம் தரும் பசு ஈனும் முதல் கிடேரிக் கன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஜெலிமோவுக்கு அடுத்தவள் தபுதானி. முதல் ஈற்றில் காளைக்கன்று விழுந்தது. ஜெலிமோ வேண்டுமென்றே செய்ததுபோல் தபுதானி ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை.

இப்போது பசு மறுபடி சினை. காத்திருந்தால் போதும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பால் கறக்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. ஜெலிமோவின் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. ஜெலிமோ பிள்ளைகளின் கன்னம் உப்பியது.

"மாடு இளைச்சுப் போச்சேடி. புல்லுதான் போடுறியா, இல்ல பாட்டுப் பாடிப் பசியாத்துறியா?"

"பாட்டும் பாடுறேன்க்கா. அதான் பால் குடுக்கை நிறையுது. நீங்களும் வந்து ஒண்ணு பாடுங்களேன்," என்று சிரித்தாள் ஜெலிமோ.

அந்தச் சிரிப்பு முள்ளாய் உள்ளேயே கிடந்தது. ஒரு காலையில், சங்கத்து லாரி வருமுன், ஜெலிமோ டீக்கடைக்காரனுக்குப் பால் ஊற்றுவதைத் தபுதானி பார்த்துவிட்டாள். சங்கத்துப் பசுவின் பாலை வெளியே விற்கக் கூடாது. அவள் கால்கள் நேரே சங்கத் தலைவர் அராப் லெல்லின் வாசலில் போய் நின்றன.

கூட்டத்தில் ஜெலிமோ எதையும் மறைக்கவில்லை. "அவன் கையோட காசு தர்றான். சங்கத்துல மாசம் முடியணும். பீஸ் கட்டலன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைய வெளிய நிறுத்திட்டாங்க."

விதி விதிதான். பசுவை மீட்டு ஆற்றின் அக்கரை ஊருக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். தபுதானியும் தூக்கினாள். இறக்கிய பிறகுதான் கேட்டாள், "அப்ப என் கன்னுக்குட்டி?"

"எந்தக் கன்னு?" என்றார் அராப் லெல். "பசு போற ஊர்ல வரிசை புதுசாத் தொடங்கும். அங்க அடுத்த வீட்டுக்குப் போகும். நீயும்தானேம்மா கை தூக்கின?"

மறுநாள் பசுவை ஓட்டிப் போனார்கள். ஜெலிமோ வேலியோரம் வந்து நின்றாள். "வயித்தப் பாத்தா இந்தத் தடவை கிடேரின்னுதான் நெனச்சேன்க்கா," என்றாள், குத்தலே இல்லாமல். அதைத்தான் தபுதானியால் தாங்க முடியவில்லை.

அவள் சரிவில் அசைந்து இறங்கும் அந்தப் பெருத்த வயிற்றையே பார்த்திருந்தாள். அக்கரையில் யாரோ ஒருத்தி இந்நேரம் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அடுத்த வீட்டில் இன்னொருத்தி இருப்பாள். முகமோ பெயரோ தெரியாத அந்த இன்னொருத்தியை நினைத்துத் தபுதானிக்கு வயிறு எரியத் தொடங்கியது.