பதினெட்டும் இருபத்திரண்டும்

அண்ணன் என்னிடம் பதினெட்டாம் தேதி என்று சொன்னான்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்து கொடியின் மறுபக்கம் நின்றான். பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். என்னை எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"பேர் இல்லாத ஒரு பிரிவு. எண்பது பேர் போனோம், பதினோரு பேர்தான் மிச்சம். பதினெட்டாம் தேதி கிளம்பறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. உன்கிட்ட சொன்னா கல்லுகிட்ட சொன்ன மாதிரி."

எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் யாரும் எதையும் என்னிடம் முதலில் சொன்னதில்லை.

முதுகில் முப்பது கிலோவோடு மலையேற வேண்டும். எவ்வளவு தூரம் என்று சொல்ல மாட்டார்கள். மூன்று நாள் தூங்கவிடாமல் கணக்குப் போடச் சொல்வார்கள். நான்கு பேர் ஒரு குழு. அடுத்த குழு எங்கே இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் கிடங்கு எழுத்தர் என்றுதான் இருக்கும்.

"கிடங்கு எழுத்தருக்கு எதுக்கு இவ்வளவு ஓட்டம்?"

"எலித் தொல்லை ஜாஸ்தி," என்றான்.

அன்று மாலை அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "அண்ணன் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் குனிந்து சிரித்துக்கொண்டாள். அதை நான் கவனித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மேசைப் பக்கம் நின்று பேசினார். வீட்டில் யார் யார், கூடப் பிறந்தவர்கள் உண்டா, என்ன செய்கிறார்கள். "இருக்காங்க" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. நான்காம் நாள் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். அவர் வரவில்லை.

அம்மாவுக்கு முழங்காலுக்குப் பிசியோதெரபி நடந்துகொண்டிருந்தது. அங்கே புதிதாக ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அப்பா போன பிறகு அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நாங்க சிரிச்ச சிரிப்புல தெரபி அம்மா எங்களைத் தனித்தனியா உக்கார வெச்சுட்டா, ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி," என்பாள்.

பத்து நாள் கழித்து, அம்மா தெரபிக்குப் போயிருந்த நேரத்தில், சாம்பல் சட்டை போட்ட ஒருவர் கோப்போடு வந்தார். அவர் உட்கார்ந்தார். அண்ணன் தன் சொந்த வீட்டில் சுவரோரம் நின்றான்.

"பதினெட்டு எங்கயும் கேக்கல. நல்லது," என்றார் என்னிடம்.

"இருபத்திரண்டு?" என்று அண்ணன் கேட்டான்.

"மூணாம் நாளே வந்துடுச்சு."

கழிவுநீர் எந்தக் குழாயிலிருந்து கசிகிறது என்று தெரியாதபோது நாங்கள் ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு நிறச் சாயம் விடுவோம். வெளியே எந்த நிறம் வருகிறதோ அந்தக் குழாய்தான். அதனால் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம் இருபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறான். அவளிடமும் "உன்கிட்ட மட்டும்தான்" என்றிருப்பான்.

அவர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். "ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தர்தான் எங்களுக்குத் தொடர்பு. இவர் எங்க இருக்கார், உயிரோட இருக்காரா, எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் வரும். அம்மாவுக்கு இவர் கிடங்கு எழுத்தர். உங்க கையெழுத்து இல்லன்னா பழைய படைக்கே திரும்பிடுவார். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

அவர் போனதும், "அம்மா யார்கிட்ட சொன்னா?" என்றேன்.

"அது எதுக்கு உனக்கு?"

"அவளுக்கு வேற யாரு இருக்கா? அந்தச் சிநேகிதிதான். அவளும் ஒரு வாரமா வரல. அம்மா தினமும் பக்கத்து நாற்காலியில பையை வெச்சு இடம் பிடிச்சுட்டு உக்காந்திருக்கா."

"அவங்க இனிமே வரமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"பாட்டில் கொண்டுவந்தவர்?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "நீ ஒரு வார்த்தை பேசலன்னு ரொம்பப் பாராட்டினாராம்."

"நான் யார்கிட்டதான் பேசறேன்?"

"வீட்ல எல்லாரையும் சோதிச்சுப் பாக்கணும்னு விதி."

"அம்மா சொல்லிடுவான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே சொல்லியிருக்க."

"எட்டு மாசம்டீ. கால் நகமெல்லாம் போச்சு. ஒரே ஒரு கையெழுத்து. அம்மாவுக்கு இதுல என்ன குறைஞ்சிடப் போகுது?"

மதியம் அம்மா வந்தாள். "இன்னிக்கும் அவ வரல. அவ நம்பரைக்கூட வாங்கி வெக்கல பாரு, என் புத்தி."

அண்ணன் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்து என்னைப் பார்த்தான். என்னிடம் பொய் தயாராக இருந்தது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பாள், அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்தேன். இனி இதுதான் என் வேலை என்று தோன்றியது. அவன் திரும்பி வரும்வரைக்கும். வராவிட்டால் அதற்குப் பிறகும்.

"அவ வரமாட்டாம்மா. அவளை அனுப்பினதே அண்ணனோட ஆளுங்க. நீ இருபத்திரண்டாம் தேதின்னு வெளிய சொல்றியான்னு பாக்க. என்கிட்ட பதினெட்டுன்னு சொல்லியிருந்தான்."

"ஏய்!" என்றான் அண்ணன்.

அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"அவ பையனும் பட்டாளத்துல இருக்கானாம், ரெண்டு வருஷமா ஒரு போன் இல்லியாம். என் கையைப் பிடிச்சுட்டு அழுதாடீ. மனசு கேக்காமதான் சொன்னேன். என் பையனும் இருபத்திரண்டாம் தேதி போறான், எங்கன்னு எனக்கும் தெரியாது, அழாதே, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு." என்னைப் பார்த்தாள். "அப்படி ஒரு பையன் இல்லவே இல்லையா?"

"தெரியலம்மா."

இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்ல. நீ சொல்லு. இருக்கானா, இல்லையா?"

அண்ணனுக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லக் கூடாதா என்று அவன் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்தில்லாத காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். அம்மா இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.