மூன்று நிமிடம் இருபது நொடி

குருமூர்த்தியின் அக்கா புஷ்பவல்லி பத்து வயதில் இசைத்தட்டில் பாடியவள். வேப்பந்தட்டையில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதை நம்பிய ஆள் ஒருவர்கூட இல்லை.

நடந்தது இதுதான். அரியலூரில் அவள் படித்த பள்ளியின் பாட்டு வாத்தியார், எட்டுப் பிள்ளைகளை மெட்ராசுக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போய், தவளையும் மழையும் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டைப் பாட வைத்தார். நடுவில் இரண்டு வரி மட்டும் புஷ்பவல்லி தனியாகப் பாடினாள். இரண்டாவது வரியின் பாதியில் அவளுக்கு மூச்சு முட்டி, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மிச்சத்தைப் பாடினாள். வாத்தியார் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். மறுபடி பாட நேரமில்லை என்று கம்பெனிக்காரர்கள் அதையே தட்டாக்கிவிட்டார்கள்.

அந்தத் தட்டு அவளிடம் இருந்தது. ஆனால் அதன் நடுவே ஒட்டிய தாளில் ‘குழந்தைகள் குழு’ என்றுதான் அச்சடித்திருந்தது. போட்டுக் காட்டவும் வழியில்லை. அவள் கல்யாணமாகி வந்த சமயத்தில் பூலாம்பாடி மைக்செட்காரர்கூட கேசட்டுக்கு மாறியிருந்தார். ஆக, முப்பத்தேழு வருடமாக அவள் கணவர் ஆண்டவருக்கு அது ஒரு கேலிப் பொருள். குழம்பில் உப்பு கூடினால், “ரிக்கார்டுல பாடுன கையாச்சே” என்பார். விருந்தாளி வந்தால் மூச்சு வாங்கிய கதையை அவரே நடித்துக் காட்டுவார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் கழித்து வருவாள். அந்தச் சற்று நேரத்தைக் கவனித்தவன் தம்பி குருமூர்த்தி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு அறுபதாம் கல்யாணம். ஊரே கூடும் மண்டபத்தில் அக்காவின் தட்டைப் போட்டுக் காட்டுவதாகக் குருமூர்த்தி வாக்குக் கொடுத்துவிட்டான். தைரியத்துக்குக் காரணம், மூன்று மாதத்துக்கு முன் சென்னையில் பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கிய அமெரிக்க ரிக்கார்டு பிளேயர். ஐம்பது வருடப் பழசு, தேக்குப் பெட்டி. அமெரிக்காவில் மின்சாரம் 110 வோல்ட் என்பதால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தான். தட்டு சுழன்றது. பாட்டு வந்தது. வருகிற போகிறவரையெல்லாம் உட்கார வைத்து, “செல்போன் பாட்டுல இந்தக் கனம் வருமா?” என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை அரியலூரில் தன் வீட்டில், அக்காவிடம் வாங்கிவந்த தட்டைத் துடைத்து வைத்து முள்ளை இறக்கினான். ஹார்மோனியம் வந்தது. பிள்ளைகள் பாடினார்கள். பிறகு அக்காவின் இரண்டு வரி. மனைவி மலர்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, இது உங்க அக்காவா, மீசை மொளச்ச பையனா?”

அது இசைத்தட்டின் கனம் என்றான் குருமூர்த்தி. அந்த மூச்சிழுப்பு, வரப்பில் உட்கார்ந்து பெருமூச்சு விடும் கிழவனுடையது போல இருந்ததை மட்டும் அவனாலும் மறுக்க முடியவில்லை. பாட்டு இழுவையாக இருக்கிறது, வேகம் குறைச்சல் என்றாள் அவள். சிமெண்ட் ஆலையில் இருபத்தைந்து வருடமாக அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? பிளேயரோடு வந்த, வேகத்தைச் சரிபார்க்கும் அட்டையை எடுத்துவந்தான்.

அந்த அட்டை ஒரு நல்ல யோசனை. வட்டமான அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக நிறையக் கோடுகள். தட்டின் மேல் அதைச் சுழலவிட்டு, சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை மின்னுகிறது. ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவே ஒவ்வொரு கோடும் சரியாகப் பக்கத்துக் கோட்டின் இடத்துக்கு வந்துவிட்டால், அத்தனை கோடும் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் கூடினால் முன்னால் ஓடும், குறைந்தால் பின்னால் நகரும். புது எல்.ஈ.டி. விளக்குகளில் பெரும்பாலும் இந்த வித்தை தெரியாது. அதனால் குளியலறை டியூப்லைட்டைக் கழற்றி மாட்டினான். கோடுகள் கல்லில் செதுக்கினாற்போல நின்றன.

“பாத்துக்க மலரு. இம்மி பிசகல.”

மலர்கொடி கோட்டைப் பார்க்கவில்லை. தட்டின் நடுத்தாளைப் படித்தாள். அதில் மூன்று நிமிடம் இருபது நொடி என்று பாட்டின் நீளம் போட்டிருந்தது. செல்போனை எடுத்து நேரம் வைத்தாள். பாட்டு முடிந்தபோது சரியாக நான்கு நிமிடம்.

குருமூர்த்தி மறுபடி வைத்துப் பார்த்தான். நான்கு நிமிடம். கோடுகளோ அசையவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தவன், பாதியில் கையைக் கழுவாமல் எழுந்துபோய் பிளேயரின் அடியிலிருந்த தகட்டைப் படித்தான். 110 வோல்ட்டுக்குப் பக்கத்தில் 60 என்று இருந்தது.

அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும். நம்முடையது ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிரத் துடிப்பைத் தொடாது. இந்த வகை மோட்டாருக்கோ துடிப்புதான் கணக்கு. அறுபது துடிப்புக்கு ஓட வேண்டிய மோட்டார் ஐம்பது துடிப்புக்கு ஓடியது. பாட்டு ஆறில் ஒரு பங்கு வேகம் இழந்து, குரலும் தாழ்ந்துவிட்டது. சரி, அட்டை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அட்டையும் அமெரிக்காவில் அச்சடித்தது. அது நொடிக்கு நூற்றிருபது முறை மின்னும் அந்த ஊர் விளக்குக்கானது. மோட்டார் எவ்வளவு பின்தங்கியதோ, அதே அளவுக்கு நம் ஊர் விளக்கும் பின்தங்கியிருந்தது. கைக்கடிகாரமும் பஸ் ஸ்டாண்டு கடிகாரமும் ஒன்றுபோல மெதுவாக ஓடினால், ஒன்றைப் பார்த்து மற்றதைச் சரிபார்த்து என்ன பயன்?

மூன்று மாதமாக அவன் ஊருக்கெல்லாம் காட்டிய கனம் இதுதான்.

செல்போனில் பதிவு செய்து வேகத்தைக் கூட்டிப் போட்டுவிடலாம் என்றாள் மலர்கொடி. அது சுலபம்தான். ஆனால் செல்போனில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆண்டவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். முள் தட்டில் ஓடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இப்போது போட்டாலோ, மீசை முளைத்த பையன் குரலைக் கேட்டு மண்டபமே சிரிக்கும். அக்கா அடுப்படிக்குப் போய்த் திரும்பிவர மாட்டாள்.

சனிக்கிழமை காலை பிளேயரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பெரம்பலூரில் இறங்கினார்கள். செல்லமுத்து லேத் பட்டறையில் போர்வெல் மோட்டார்களும் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினின் தண்டுகளும் மலைபோலக் கிடந்தன. மோட்டாரின் முனையில் இருக்கும் சிறு பித்தளைச் சக்கரத்தைக் குருமூர்த்தி கழற்றிக் காட்டினான். இதிலிருந்துதான் ரப்பர் பெல்ட் தட்டைச் சுழற்றுகிறது. மோட்டாரின் வேகத்தை மாற்ற முடியாது. ஆனால் இந்தச் சக்கரத்தைப் பெரிதாக்கினால், ஒரு சுற்றுக்கு அதிக பெல்ட்டை இழுக்கும், தட்டும் வேகமாகச் சுழலும். பத்து மில்லிமீட்டர் சக்கரம் பன்னிரண்டாக வேண்டும்.

செல்லமுத்து அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “யான மேய்க்கிறவன கூப்புட்டு எறும்பு புடிக்கச் சொல்றீங்க சார்.”

ஆனால் வேலை என்று வந்ததும் மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். சொல்லாமலே சக்கரத்தின் நடுவை லேசாக மேடாக்கினார். மாவு மில் பெல்ட் மேட்டின் மேல் ஏறித்தான் நிற்கும், தட்டையாக விட்டால் ஓரமாக நழுவிவிடும், எறும்பானாலும் அதே கதைதான் என்றார். அளவிலும் ஒரு பொடி கூடவே விட்டிருந்தார்.

“கூட இருந்தா சீவிக்கலாம். கொறஞ்சா ஒட்ட வைக்கவா முடியும்?”

பட்டறை மேசையிலேயே மாட்டிப் போட்டார்கள். மலர்கொடி நேரம் பார்த்தாள். மூன்று நிமிடம் பதினாறு நொடி. சீவினார். பதினெட்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்து இன்னொரு தடவை சீவினார். மூன்று நிமிடம் இருபது.

பழக்க தோஷத்தில் குருமூர்த்தி அட்டையைச் சுழலவிட்டுப் பட்டறை டியூப்லைட்டில் பார்த்தான். கோடுகள் தலைதெறிக்க ஓடின. அட்டையைப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு வெளியே வந்தான். “இப்ப அந்தக் கனம் எங்கங்க போச்சு?” என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள் மலர்கொடி.

ஞாயிறு மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். ஆட்கள் நடக்கும் அதிர்வில் முள் குதிக்காமலிருக்க, ஒரு அரிசி மூட்டையின் மேல் பலகை வைத்து அதன்மேல் பிளேயரை வைத்தான் குருமூர்த்தி. மைக்செட்டில் ஒயரைச் செருகினான். பட்டு வேட்டியோடு ஆண்டவர் வந்து குனிந்து, முள்ளையும் தட்டையும் ஒயரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“போடு மாப்ள. ஒங்கக்கா பாட்ட ஊரு கேக்கட்டும்.”

பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. புஷ்பவல்லி கழுத்து மாலையை விரலால் நெருடிக்கொண்டு நின்றாள். முள் இறங்கியது. ஹார்மோனியம், பிள்ளைகள், மழை, தவளை. பிறகு எல்லாக் குரலும் அடங்கி, கீச்சென்று தெளிவாக ஒரு சிறுமி. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி தொடங்கும்போது, விரலும் மாலையும் அப்படியே நிற்க, புஷ்பவல்லியின் உதடு தானாக அசைந்தது.

ஆண்டவர் சட்டென்று கையை உயர்த்திப் பந்தியைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அந்த இடம் எப்போது வரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? முப்பத்தேழு வருடம் நடித்துக் காட்டியவர் ஆயிற்றே. அவர் கை மேலே இருக்கும்போதே மூச்சு வந்தது. சின்னப் பிள்ளையின் அவசர மூச்சு. எதிரே நின்றவளும் அதே இடத்தில் அதே மூச்சை இழுத்தாள்.

பாட்டு முடிந்து முள் சரசரத்தது. ஆண்டவர் கையை இறக்கவில்லை.

“இன்னொரு தடவ போடு மாப்ள.”

மூன்று தடவை போட வைத்தார். மூன்றாவது முறை மூச்சு வந்ததும் மண்டபம் முழுக்கச் சேர்ந்து இழுத்தது. சாம்பார் ஆறுகிறது, சாப்பிட வாருங்கள் என்று புஷ்பவல்லி கூப்பிட்டாள். ஆண்டவர் உட்கார்ந்து முதல் வாய் வைத்தார். பந்தி முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

“உப்பு கூட,” என்றார். “சமையக்காரன் பாட்டுக் கத்துக்காதவன் போல.”

புஷ்பவல்லி சிரித்தாள். இந்தத் தடவை அடுப்படிப் பக்கம் போகவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டாள்.