கோட்டையோரத்துக் கீரை

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜாதாவை எதிர்வீட்டு லதா வந்து கட்டிக்கொண்டு, "ஐயோ அக்கா, தெய்வம் மாதிரி இருந்தாரே!" என்று பெரிய குரலில் அழுதாள். மூச்சு வாங்குகிற இடைவெளியில் வாயைக் காதோரம் கொண்டுவந்து, "நேத்து குடுத்தனுப்பின கீரைய நீ துன்னியா?" என்று கேட்டாள்.

சுஜாதாவுக்கு வந்துகொண்டிருந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"துன்னேன்" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் பண்ணலயே?"

"இன்னா பண்ணும்? ஒண்ணும் பண்ணல."

லதா அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு, "தெய்வம் மாதிரி இருந்தாரே!" என்று மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

சுஜாதா சொன்னது பொய். முந்தின ராத்திரி அந்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் கீரை சாப்பிடாத ஒரே ஆள், அதைக் கடைந்த அவள்தான்.

பெட்டிக்குள் மாமனார் சடையப்பன் புது வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகப் படுத்திருந்தார். காலையில் வாக்கிங் கிளம்பி, ஒரு காலில் கான்வாஸ் ஷூவை மாட்டிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். தெருமுனை டாக்டர் ஓடிவந்து பார்த்தார். "ஹார்ட்டும்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு தடவ வந்துச்சே" என்றார். சுஜாதாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், லதா வந்து காதைக் கடிக்கிற வரைக்கும்.

சடையப்பன் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையத்து ஊழியர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பூர்வீகம் அச்சரப்பாக்கத்துப் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஆனால் மீசை முளைப்பதற்குள் லாரியில் கிளீனராக ஏறிவிட்டதால் அவருக்கு ஸ்டியரிங்கும் கியரும் தெரிந்த அளவுக்குச் செடி கொடி தெரியாது. சர்க்கரை வந்தபோது டாக்டர், "தினம் நடங்க, நெறைய கீரை சாப்பிடுங்க" என்றார். மற்றவர்கள் இதை இரண்டு யோசனையாக எடுத்துக்கொள்வார்கள். சடையப்பன் ஒன்றாக எடுத்துக்கொண்டார். நடந்துபோய்க் கீரை பறித்து வந்தால் இரண்டும் ஆயிற்றே.

கூட்டாளியாகப் பார்த்தசாரதி சேர்ந்தார். ஆராய்ச்சி மையத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், சடையப்பனின் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தவர். இவருக்கும் ஒரு கீரையும் தெரியாது. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் மதில் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இரண்டு பேரும் தினமும் குனிந்து குனிந்து நடந்தார்கள். "இது பண்ணைக்கீரை சார்" என்பார் ஒருவர். "இல்லப்பா, தொய்யக்கீரை" என்பார் மற்றவர். வழியில் போகிற யாரையாவது நிறுத்திக் கேட்பார்கள். அவர் மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்.

முதல் மாதத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. சடையப்பன் அகல அகலமாக ஏதோ இலையைக் கொண்டுவந்தார். ஆக்கிச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் நாக்கு தடித்துவிட்டது. சுஜாதாவின் கணவன் தமிழ்வாணன், செங்கல்பட்டில் லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவன், இரண்டு நாள் டிரைவர்களிடம் கையாலேயே பேசினான். "கீர மேல தப்பு இல்ல, நீ புளி கம்மியாப் போட்டுட்ட" என்று சடையப்பன் குழறிக் குழறிச் சொன்னார்.

அன்றைக்குத்தான் சுஜாதா ஒரு முடிவுக்கு வந்தாள். மாமனாரிடம் முகம் கோணாமல் கீரைக்கட்டை வாங்கிக்கொள்வாள். அவர் குளிக்கப் போனதும் பின்பக்க மதிலுக்கு மேலாக ஆடுகளுக்குப் போட்டுவிடுவாள். வாசலில் வரும் கீரைக்காரம்மாவிடம் வாங்கி ஒளித்து வைத்திருந்ததைக் கடைந்து வைப்பாள். சடையப்பன் அதைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "இத்தப் பாரு சுஜாதா, மார்க்கெட்டுக் கீரைல இந்த ருசி வருமா? மழைத் தண்ணி குடிச்சி தானா வளந்ததும்மா இது" என்பார். அவள் ரசம் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவாள். பின்தெரு ஆடுகள் ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் பறித்ததைத் தின்று கொழுகொழுவென்று இருந்தன.

நேற்று அந்த ஏற்பாடு கெட்டுப்போயிற்று. கீரைக்காரம்மா மாலை போட்டுக்கொண்டு மேல்மருவத்தூர் போயிருந்தாள். ஐப்பசி மழைக்குப் பிறகு கோட்டையோரம் பச்சைப் பசேல் என்று கிடந்ததாம். சடையப்பன் பை கொள்ளாமல் பறித்துவந்து, "லதா வூட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பும்மா" என்றார். மாற்றி வைக்கக் கைவசம் ஒரு தண்டுகூட இல்லை. சுஜாதா இலைகளைப் புரட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பார்க்க ஒழுங்கான கீரை மாதிரிதான் இருந்தது. பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்தாள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்தாள்.

இப்போது அந்த மோர்சாதம்தான் அவள் தொண்டையில் நின்றது.

வெயில் ஏறியது. பந்தலில் ஆட்கள் சேரச் சேர, அழுகைக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு ஓடத் தொடங்கியது. லதாவின் புருஷன் உலகநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தான். நேற்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டவன் அவன்.

"இன்னாண்ணாத்த பண்ணுது?" என்று ஒருவன் விசாரித்தான்.

"லேசாப் பொரட்டுது. நெஞ்சாண்ட ஒரு மாதிரி கீது."

அச்சரப்பாக்கத்திலிருந்து சடையப்பனின் அக்கா வேண்டா வந்து இறங்கினாள். தம்பியின் பெட்டியைத் தட்டித் தட்டி அவள் அழுததில் பந்தலே கலங்கியது. யாரோ தண்ணீர் கொடுத்து, கூடவே கீரை விஷயத்தையும் காதில் போட்டார்கள். வேண்டா தண்ணீரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கீரயா? அவனா? நெல்லு எது, கோரை எதுன்னு தெரியாம நாத்தப் புடுங்கிப் போட்டு எங்கப்பன்கிட்ட அடி வாங்கினவனாச்சே! அவன் பறிச்சான்னு நீங்களும் துன்னீங்களா?"

உலகநாதன் சட்டை பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டான்.

பார்த்தசாரதி ஒரு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நகராமல் பெட்டியின் தலைமாட்டிலேயே நின்றார். தமிழ்வாணனையும் சுஜாதாவையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"தமிழு, நேத்து கீரைல பாதி நான் பறிச்சதுப்பா. பண்ணைக்கீரைன்னு நான்தான் சாதிச்சேன். ராத்திரியெல்லாம் நன்னாத்தான் தூங்கினேன். இப்போ நிச்சயமா சொல்ல முடியல. போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடணும். என் மனசு கேக்கல."

"சார், வாய மூடுங்க சார்!" தமிழ்வாணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "போலீஸ் வந்தா இன்னா பண்ணுவான் தெரியுமா? செங்கல்பட்டுக்குத் தூக்கினு போயி எங்கப்பாவ அறுத்து, மூட்டையாக் கட்டிக் குடுப்பான். டாக்டரு ஹார்ட்டுன்னுட்டாரு. நானுந்தான துன்னேன், குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே!"

கோபத்தில் குரல் ஏறிவிட்டது. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சிலது மெதுவாத்தாம்பா வேலையக் காட்டும்" என்று ஒரு பெரியவர் அமைதியாகச் சொன்னார்.

"ஆக்கினவளும் துன்னாளே, அவளுக்கும் ஒண்ணும் ஆவலயே" என்றாள் லதா, தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல.

"அவ எங்க துன்னா? மோர்சாதம் துன்னுட்டுப் படுத்துட்டா" என்றான் தமிழ்வாணன். அவனுக்கு இருந்த பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்றே யோசிக்கவில்லை.

பறையடிக்கிறவர்கள் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது. லதா எழுந்து நின்று சுஜாதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகையும் இல்லை, அக்காவும் இல்லை.

"துன்னேன்னு சொன்னியே?"

சுஜாதா எழுந்தாள். உள்ளே போய் பிரிஜ்ஜைத் திறந்தாள். எவர்சில்வர் கிண்ணத்தில் மீதிக் கீரை ஆடை கட்டிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்ததும் உண்மையிலேயே பயம் வந்தது. டாக்டர் சொன்னது தலையில் இருந்தது, ஆனால் பயம் வயிற்றில் இருந்தது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று தெரிந்தே எல்லார் தட்டிலும் போட்டுவிட்டு, தன் தட்டில் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டோம் என்கிற நினைப்பு வேறு. கிண்ணத்தோடு வெளியே வந்து பெட்டியை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையால் அள்ளி வாயில் வைத்தாள்.

"அடிப்பாவி! பொணத்த வச்சுகினு துன்றாளே!" என்று வேண்டா வாயில் அடித்துக்கொண்டாள்.

சுஜாதா மென்றாள். ஜில்லென்று இருந்தது. முதலில் பூண்டு தெரிந்தது. பின்னால் லேசான துவர்ப்பு, அதற்கும் பின்னால் ஏதோ மண்வாசனை மாதிரி ஒன்று. கீரைக்காரம்மாவின் கீரையில் இந்த ருசி இல்லை. இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவது வாய்க்குள் பயம் எங்கேயோ போய்விட்டது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் சரியாக எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை. பசித்தது. தமிழ்வாணன் மனைவியைத் தடுக்க வந்தவன் அப்படியே நின்றான்.

"நல்லாத்தான் கீது" என்றாள் சுஜாதா, பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

வேண்டா நகர்ந்து வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். விரலால் கொஞ்சம் தொட்டாள். நாக்கில் தடவிக் கண்ணை மூடினாள். பந்தலே அவள் வாயைப் பார்த்தது.

"இன்னா கீரைமா?" உலகநாதன் நாற்காலியில் முன்னால் வந்திருந்தான்.

"கடைஞ்சி கொழச்சி வச்சா எவ கண்டா? ஆனா கெட்ட கீர இல்ல." இன்னொரு தரம் தொட்டுக்கொண்டாள். "உப்புதான் கம்மி."

யாரோ ஒரு பெண் களுக் என்று சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதாகக் காட்டினாள். ஆனால் அதற்குள் அது பரவிவிட்டது. லதா சிரிப்பும் அழுகையுமாக வந்து சுஜாதாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். உலகநாதன் ஏப்பம் விட்டு, "கேஸ் டிரபிள்தான் போல" என்று சொல்லிக்கொண்டே பட்டனைப் போட்டான். பறைக்காரர்கள் டீ குடித்துவிட்டு வந்து, நிலவரம் தெரியாமல், சடையப்பனுக்குப் பிடித்த வேகமான அடியை எடுத்தார்கள்.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தசாரதி சுஜாதாவிடம் வந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. நீ கீரைய மாத்தி வைக்கறது அவருக்குத் தெரியும்."

சுஜாதா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாள் பின்தெரு வழியா வந்தோம். கீரைய அவர் கட்டின வாழைநார் ஒரு ஆட்டுக் கொம்புல மாட்டிண்டு இருந்தது. அங்கேயே நின்னு வயித்தப் பிடிச்சிண்டு சிரிச்சார். 'நல்லதாப் போச்சு சார், எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். இனிமே நாம தைரியமாப் பறிக்கலாம், மத்தத சுஜாதா பாத்துக்கும்' அப்படின்னார்."

"அப்ப... மார்க்கெட்டுக் கீரைல இந்த ருசி வருமான்னு கேப்பாரே?"

"கேட்டுட்டு உன் மூஞ்சியப் பார்ப்பாராம். மறுநாள் என்கிட்ட நடிச்சுக் காட்டுவார்."

சுஜாதா பெட்டியின் பக்கம் பார்த்தாள். அதைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி போன் பண்ணினாரும்மா" என்றார் பார்த்தசாரதி. "'சார், இன்னிக்கி நம்ம கீரையே வந்துடுச்சி, வாயில வச்சதுமே தெரிஞ்சிடுச்சி'ன்னார். எப்படி இருந்ததுன்னு கேட்டேன். 'ரெண்டு தபா வாங்கித் துன்னேன் சார்'ன்னார். அப்புறம் சிரிச்சிண்டே இருந்தார். நானும் போனை வைக்காம கேட்டுண்டே இருந்தேன்."

மேளம் பெரிதாக எழுந்தது. தூக்கிவிட்டார்கள். தமிழ்வாணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனை வரைக்கும் போனார்கள். பொரி இறைத்த ரோட்டில் ஊர்வலம் கோட்டைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்றார்கள். அதற்கு மேல் போகக் கூடாது என்பதால் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். லதா தன் வீட்டில் சோறும் சாம்பாரும் ஆக்கிக்கொண்டு வந்தாள். வேண்டா தலை துவட்டியபடி, "ஏண்டி, அப்பளம் கீதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுஜாதா பின்பக்கக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையைப் பிழிந்தாள். தண்ணீர் வழிந்தோடுகிற மதில் ஓரத்தில், மழைக்கு முளைத்ததெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்று தரையோடு படர்ந்திருந்தது. ஒன்று சிவந்த தண்டோடு நிமிர்ந்திருந்தது.

"அக்கா, சாப்ட வா! ஆறுது!" என்று லதா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"தோ வந்துட்டேன்" என்றாள்.

சொட்டச் சொட்டக் குந்தி உட்கார்ந்து, சிவந்த தண்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள். கசக்கி முகர்ந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.