சுவருக்குள் போன நாய்

கிறிஸ்துமஸ் விடுமுறையின் முதல் நாள் மாலை ஆறேகால் மணிக்கு, கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டர் வீட்டு நாய் கூடத்துச் சுவருக்குள் போய்விட்டது. தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. நாய் கட்டிலுக்கடியில் புகுந்து பார்த்தது, அலமாரிக்குப் பின்னால் ஒண்டிப் பார்த்தது, எதிலும் பயம் அடங்காமல் கடைசியில் சுவரில் முதுகை அழுத்தி அழுத்தி உள்ளே போனது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்றது என்று கம்பவுண்டரின் மனைவி சொன்னாள். அவள் இல்லாததைச் சொல்கிற ஆள் இல்லை. மறுநாள் கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் விரிசல் எதுவும் இல்லை, உள்ளே மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடுமுறை நாட்களில் வீட்டுப் பிராணிகள் மிரளாமல் இருக்க என்ன செய்வது என்று ஊரே கம்பவுண்டரைத்தான் கேட்கும். ஜன்னலைச் சாத்துங்கள், ரேடியோவைப் போடுங்கள், சாக்லேட்டை எட்டாத இடத்தில் வையுங்கள், அலங்கார விளக்கின் ஒயரைக் கடிக்க விடாதீர்கள், முக்கியமாக, அதற்குப் பிடித்த ஆளை அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று தொலைபேசியில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அன்று மாலை மருத்துவமனைக்கு வந்த நாற்பத்தோரு அழைப்புகளில் முப்பத்தெட்டாவது அவருடைய மனைவியுடையது. வெடிச் சத்தத்தில் அவருக்குக் குரல் பிடிபடவில்லை. ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டார்.

"என்கிட்டயே 'உங்க நாய்க்கு எத்தனை வயசும்மா'ன்னு கேட்டீங்க," என்றாள் மனைவி, அவர் வீடு திரும்பியதும். "உங்க பக்கத்துல யாரோ இருக்காங்க, அதான் அப்படிக் கேக்கறீங்க போலன்னு நெனச்சுப் பதினொண்ணுன்னேன். அப்பவும் உங்களுக்குத் தெரியல. சொன்னதெல்லாம் செஞ்சேன். அது வாசலையேதான் பார்த்துட்டு இருந்துச்சு."

அவருக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருடத்திலிருந்து, பெரிய டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், அந்த விடுமுறைக்கு அவர் லீவு போட்டார். சுவரோரம் பாய் விரித்து, சுவரில் கையை வைத்துக்கொண்டு, "நான் இங்கதாண்டா இருக்கேன், வெளிய வா," என்று தொண்டை வறளப் பேசினார். வெடிக்கு வெடி சுவர் நடுங்கும். பெயிண்டர்கூட அந்த இடத்தில் வலிக்காமல் தூரிகையை ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மிரண்ட பூனையைக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் விட்டுப் பார்த்தார்கள், பூனை சுருண்டு தூங்கியது. நாய் மட்டும் வரவில்லை. இப்படி ஆறு விடுமுறைகள் போயின.

ஏழாவது வருடம் தெருவில் வழக்கத்தைவிட அதிகமாக வெடித்தார்கள். கம்பவுண்டர் கையை வைத்துக் காத்திருந்தார். சுவர் அசையவில்லை. பதறிப்போய்க் காதை வைத்தார். உள்ளே நிதானமாகக் குறட்டை கேட்டது. அதற்குப் பயம் விட்டுப்போயிருந்தது. இனி வெளியே வருவதற்கோ அவரைத் தேடுவதற்கோ அதற்கு ஒரு காரணமும் இல்லை. அவர் மெல்லச் சுவரைத் தட்டினார்.

"எழுப்பாதீங்க," என்றாள் மனைவி. "நிம்மதியா தூங்குது."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.