ரிப்பன் நகராத வாரம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு வீட்டில் ஒரு சூரர் வாய்த்திருந்தார். ஆரம்ப சூரர். அந்தப் பட்டத்தைச் சூட்டியவளும் அவளேதான். தகுதியில்லாத ஆளுக்குக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. தொப்பையைக் கரைக்கிறேன் என்று அவர் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் இப்போது ஈரத் துண்டுகள் காய்கின்றன. கிடார் அலமாரிக்கு மேலே தூங்குகிறது. தக்காளி போடுகிறேன் என்று பால்கனியில் மண் நிரப்பிய தொட்டிகளில் பக்கத்து வீட்டுப் பூனை குடித்தனம் நடத்துகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் அவர் தொடங்கிய நாளைப் பார்த்திருக்க வேண்டும்! மலையையே பெயர்த்து வைக்கப் போகிறவர் போல மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாள் போனால், "எங்கம்மா, நேரமே கிடைக்கல" என்பார்.

பைபிள் வாசிப்பும் இந்த வரிசையில்தான் இருந்தது. வருஷம் பிறந்தால் ஆதியாகமத்தில் ஆரம்பிப்பார். படைப்பு, வெள்ளம், யோசேப்பு என்று வண்டி ஜோராகப் போகும். செங்கடலைத் தாண்டவும் தெம்பு மிச்சமிருக்கும். லேவியராகமத்தில் பலிகளின் சட்டதிட்டம் வந்ததும் கொட்டாவி வரும், அப்புறம் தூக்கம் வரும், அதோடு அடுத்த வருஷம்தான். அவருடைய பைபிளை மூடிவைத்து விளிம்பைப் பார்த்தாலே சங்கதி தெரிந்துவிடும். முன்பக்கத்துத் தாள்களில் மட்டும் விரல்பட்டு அழுக்கேறியிருக்கும். மீதியெல்லாம் கடையில் வாங்கியபடி வெள்ளை வெளேர் என்று கிடக்கும்.

"இஸ்ரவேல் ஜனங்ககூட பாலைவனத்தைத் தாண்டிட்டாங்க. நீங்க இன்னும் தாண்டல" என்று அவள் சீண்டுவாள். அவரும் சிரிப்பார். சபையில் மூப்பராக இருக்கும் அவளுடைய அண்ணன் அதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரிப்பார். வாயைத் திறந்தால் அதிகாரமும் வசனமுமாகக் கொட்டுகிற மனிதர் அவர். அவர் சிரிக்கும்போது மட்டும் அவளுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்று தைக்கும். தன் புருஷனைத் தான் கிண்டல் செய்வது வேறு, பிறத்தியார் செய்வது வேறு, அது அண்ணனாகவே இருந்தாலும்.

சூரருக்குத் தொழில் பஸ் ஓட்டுவது. பல வருஷம் ஆஸ்பத்திரிப் பாதையில் ஓட்டியவரை மார்க்கெட் பாதைக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிக் கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், மணிக்கூண்டு சந்திப்பில் நேராகப் போக வேண்டிய வண்டியை வலப்பக்கம் ஒடித்து, நிறைந்த பஸ்ஸோடு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "டிரைவருக்கு உடம்புக்கு என்ன?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, பஸ்ஸே கொல்லென்று சிரித்ததாம். டிப்போவில் செமத்தியான டோஸ்.

வாடிய முகத்தோடு வருவார் என்று அவள் காத்திருந்தால், மனிதர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"கை என்னைக் கேக்கவே இல்லம்மா! அதுபாட்டுக்கு ஒடிச்சிருச்சு!"

"இதுல பெருமை வேறயா?"

"அட, அதில்ல. இத்தனை வருஷமா ஒரே இடத்துல, ஒரே நேரத்துல ஒடிச்சிருக்கேன். அதான் கைக்குப் பழகிப்போச்சு. பைபிளை நான் என்னைக்கு ஒரே இடத்துல உக்காந்து படிச்சிருக்கேன்? ஒரு நாள் கட்டில்ல, ஒரு நாள் சோபாவுல. மனசு வந்தா படிப்பேன். மனசு வந்தாத்தான் வண்டி எடுப்பேன்னு டிப்போவுல சொன்னா விடுவாங்களா?"

மறுநாள் காலை சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் பைபிளும் ஏறியது. முதல் நடைக்கு முன்னால் பஸ் புறப்படும் இடத்தில் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து ஒரு சின்னப் பகுதி படிப்பது, பிறகு மூடிவிட்டு மார்க்கெட் போய்ச் சேரும்வரை அதையே யோசிப்பது. இதுதான் அவர் திட்டம். ஆதியாகமத்துக்கு லீவு விட்டுவிட்டு மத்தேயுவில் தொடங்கினார்.

"பைபிள் தினமும் ஓசி சவாரி போயிட்டு வருது" என்றாள் அவள். வேறென்ன சொல்வாள்? சைக்கிளைப் பார்த்தவள், கிடாரைப் பார்த்தவள்.

ஆனால் சாயங்காலம் டிபன் டப்பாவைக் கழுவ எடுக்கும்போது பைபிளைத் திறந்து, படித்த பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் சிவப்பு ரிப்பன் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பாள். தினமும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் நகர்ந்திருந்தது. வாரங்கள் போயின, மாதங்கள் போயின. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அதிசயம். மீசையைத் தடவாமல் அவர் ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததே இல்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கண்பட்டுவிடும் போலிருந்தது. நம்பி நம்பி ஏமாந்தவளுக்கு நம்பிக்கை என்றாலே உதறல் எடுக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சபையில் போதகர் ஓர் அறிவிப்பு செய்தார். அவர்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேத தியானக் கூட்டம் தொடங்க வேண்டும், வீடு கொடுத்து நடத்தவும் செய்ய யாராவது முன்வர வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு கை எழும்பியது. யார் என்று திரும்பிப் பார்த்தால், அவள் வீட்டுக்காரர். முன்வரிசையிலிருந்து அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நான் இல்லைங்கல. ஆனா ரெண்டு வாரம் நடத்திட்டு மூணாவது வாரம் கதவைச் சாத்திட்டாருன்னா தெருவே சிரிக்கும். அப்புறம் நீதானே தலைகுனிஞ்சு நிக்கணும்? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே பக்குவமா சொல்லி பேரை எடுக்கச் சொல்லு. நான் சொன்னா சண்டையாயிடும்."

முன்பு என்றால் அந்த இடத்திலேயே சரி என்றிருப்பாள். ரிப்பன் நினைவுக்கு வந்ததால், "பாக்கறேன்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் ரிப்பன் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை இருந்த பக்கத்திலேயே செவ்வாய்க்கிழமையும் கிடந்தது. புதன்கிழமையும் அதே பக்கம். வியாழக்கிழமை திறந்து பார்த்தபோதும் அதேதான். அவ்வளவுதான், லேவியராகமம் மத்தேயு வரைக்கும் தேடிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் திறந்து பார்க்கவே இல்லை. அண்ணன் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கசந்தது.

சனிக்கிழமை கடை தாமதமாகத்தான் திறக்கும். அவர் படிக்கிறாரா என்று ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டு, பேரை எடுத்துவிடும்படி அங்கேயே சொல்லிவிடலாம் என்று, அவர் கிளம்பிய பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். பஸ் புறப்படும் இடத்தில் வண்டி இஞ்சின் அணைந்து நின்றது. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்தபடி பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் ஒண்டிக்கொண்டாள்.

டிரைவர் தலைக்கு மேலே பெரிய கண்ணாடி. அதில் அவர் முகம் தெரிந்தது. மூக்கின் மேல் அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படிக்கும் கண்ணாடி.

கடையில் நாள் முழுக்க ஆட்களின் கையில் எழுத்து அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதுதான் அவள் வேலை. பவர் ஏறிவிட்டதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் வாசிப்பது போல நடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கண் அட்டையின் நடுவில் குத்திட்டு நிற்கும். நிஜமாக வாசிக்கிறவர் கண் வரி வரியாக நகரும். அவள் அந்தப் பெரிய கண்ணாடியையே பார்த்தாள். அவர் கண் நகர்ந்தது. கடைசி வரிவரை போனது, மறுபடி மேலே ஏறி முதலிலிருந்து வந்தது. புத்தகத்தை மூடி, விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். மறுபடி திறந்தார். அதே பக்கம்தான்.

காலிக் கூடைகளோடு முன்வாசலில் ஏறிய காய்கறிக்காரம்மா கூடைகளை இறக்கியபடி கேட்டாள். "என்ன டிரைவரய்யா, அந்த ரெண்டு பசங்க வீட்டை விட்டு இன்னைக்காவது கிளம்புவீங்களா?"

"எங்கம்மா கிளம்பறது? திங்கட்கிழமை நுழைஞ்சவன். வெளிய வர வழி தெரியல."

"எந்தப் பசங்க?" என்றார் முன்சீட்டில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

"இயேசு சொன்ன கதைங்க. ஒரு அப்பா ரெண்டு பசங்களையும் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்றாரு. ஒருத்தன் மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடறான். அப்புறம் மனசு கேக்காம போயிடறான். இன்னொருத்தன் இதோ போறேன்பான்னு பவ்யமா சொல்றான். ஆனா போகல. மொத நாள் படிச்சப்ப அந்த ரெண்டாவது பயலை நல்லா திட்டினேன். மார்க்கெட் போய்ச் சேர்றதுக்குள்ள புரிஞ்சுபோச்சு, அந்தப் பயல் நான்தான்."

காய்கறிக்காரம்மா சிரித்தாள். "நீங்களா? நேரம் தவறாம வண்டி எடுக்கறவரு!"

"வண்டி எடுப்பேன். வீட்ல எத்தனை 'இதோ' சொல்லியிருக்கேன்னு எங்க வீட்டம்மாவைக் கேளு. சைக்கிள் ஒரு 'இதோ', கிடார் ஒரு 'இதோ'. அவ கிண்டல் பண்ணுவாளே தவிர, ஒவ்வொரு தடவையும் நம்பத்தான் செஞ்சா. அதை நினைச்சா அடுத்த பக்கம் புரட்டக் கை வரல." குரல் தாழ்ந்தது. "இதுல சபையில வேற கையைத் தூக்கித் தொலைச்சிட்டேன். நாளைக்கு ஆரம்பம். பேசாம போதகர்கிட்ட சொல்லி பேரை எடுத்துடலாம்னு பாக்கறேன். இன்னொரு தடவை அவளைத் தலைகுனிய வைக்க வேண்டாம்."

கடைசி சீட்டில் அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனால் போதும், அண்ணன் சொன்ன வேலை முடிந்தது. ஆனால் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரே பக்கத்தில் ஒரு வாரம் நின்று தன்னைத் தானே பார்த்துக்கொண்ட இந்த மனிதர் என் புருஷன் என்று அந்த பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பெருமையை அவள் அறிந்ததே இல்லை.

எழுந்து நின்றாள்.

"பேரை எல்லாம் எடுக்கக் கூடாது."

கண்ணாடியில் அவர் கண் விரிந்தது. "நீயா? எப்ப ஏறின?"

"பின்வாசல்ல ஏறினேன். டிக்கெட்டுகூட இன்னும் வாங்கல."

பஸ் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தாள்.

"போறேன்னு சொன்னவன் போகலைங்கறதுதானே கதை? நீங்கதான் போயிட்டே இருக்கீங்களே. இத்தனை மாசமா தினமும் காலையில இங்க வந்து உக்காந்திருக்கீங்களே. அப்புறம் எப்படி அந்தப் பயல் நீங்களாவீங்க?"

அவர் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தார். இப்படித் துடைக்கக் கூடாது, கீறல் விழும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு மணியைப் பார்த்து வண்டியை எடுத்தார். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்சீட்டிலேயே உட்கார்ந்தாள். மணிக்கூண்டு சந்திப்பில் பஸ் நேராகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் முதல் ஆளாக வந்து நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளைகிட்ட சொன்னியா இல்லையா?"

"அவரே எடுத்துடறேன்னாருண்ணே. நான்தான் கூடாதுன்னுட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நம்ம ஆரம்ப சூரரைப் பத்தி..."

"அந்தப் பட்டம் நான் கொடுத்தது. நானே திருப்பி வாங்கிட்டேன். இனிமே யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது, நீங்களும்தான்."

தங்கச்சி இந்தக் குரலில் பேசி அண்ணன் கேட்டதில்லை. தண்ணீர் கொடு என்று கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் உட்கார இடமில்லை. தெருக்காரர்கள் வந்திருந்தார்கள், எதிர்பார்க்காமல் காய்கறிக்காரம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். படுக்கையறையிலிருந்து எதையெல்லாமோ எடுத்துப் போட்டும் நாற்காலி பற்றவில்லை. கடைசியில் ஈரத் துண்டுகளை அள்ளிவிட்டு அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து போட்டார்கள். மூப்பர் அதில் ஏறி உட்கார்ந்து, கால் வைக்க வேறு இடமில்லாமல் பெடலில் வைத்துக்கொண்டார்.

அவள் வீட்டுக்காரர் பைபிளைத் திறந்தார். "ஒரு வாரமா ஒரே இடத்துல நின்னுட்டேன். இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து தாண்டிவிடுங்க" என்றார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸில் சொன்னதைத்தான் சொன்னார், அங்கங்கே தடுமாறவும் செய்தார். சொல்லி முடித்ததும் பேச்சு ஆளுக்கு ஆள் தாவியது. மூப்பர்கூட ஒரு தடவை, எனக்கும் சில 'இதோ'க்கள் பாக்கி இருக்கு என்று முணுமுணுத்தார்.

எல்லோரும் போன பிறகு அவர் நாற்காலிகளை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். அவள் மேஜைமேல் இருந்த பைபிளைத் திறந்தாள். ரிப்பன் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. மூடி வைக்கும்போதுதான் விளிம்பைக் கவனித்தாள். வெள்ளைத் தாள்கள் எல்லாம் தாண்டி, மத்தேயு இருந்த இடத்தில், புதிதாக ஒரு மெல்லிய அழுக்குக் கோடு விழுந்திருந்தது. ஸ்டியரிங் பிடித்த விரல்களின் கோடு.

கடையில் கண்ணாடிகளில் விரல் தடம் துடைப்பதும் அவள் வேலைதான். முந்தானை கைக்கு வந்துவிட்டது. பிறகு அதை விட்டுவிட்டு, அந்தக் கோடு வெளியே தெரியும்படி பைபிளைத் திருப்பி, வருகிறவர் போகிறவர் பார்வையில் படுகிற இடத்தில் வைத்தாள்.