பி.ஏ.க்காரன் நின்ற இடம்

செபமாலை செத்துச் சில வருடம் ஆகியும் பெரட்டுக் களத்தில் அவன் நின்ற இடத்தில் யாரும் நிற்பதில்லை.

களம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வெட்டிச் சமப்படுத்திய மண், பின்னால் பள்ளம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செல்லசாமி லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பேர் வாசித்து வேலை பிரிப்பார். அதுதான் பெரட்டு. ஆண்கள் வரிசையின் கோடியில் ஓர் ஆள் அகலத்துக்கு வெளி கிடக்கும். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் அழகன் பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன். அவனும் அங்கே கால் வைக்க மாட்டான். "எதுக்குடா வம்பு" என்பான்.

அந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் முதல் பி.ஏ. செபமாலைதான். வேலை கிடைக்காமல் அலைந்துவிட்டு, தோட்டத்து ஆபீசில் கிளார்க்கு வேலையாவது கேட்கலாம் என்று ஒரு விடிகாலை கோட்டும் சப்பாத்துமாகக் களத்துக்கு வந்து ஓரமாக நின்றான். அப்போது மலை வேலையை மேற்பார்த்த கண்டாக்கு வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு, செல்லசாமியை வாசிக்கச் சொன்னான்.

"பி.ஏ. செபமாலை!"

களமே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் ஊறிய பழக்கம், பேர் கேட்டதும் வாய் திறந்துவிட்டது. "பிரசன்ட் சார்" என்றான்.

பெரட்டில் பேருக்குக் குரல் கொடுத்தவன் தோட்டத்து ஆள். அதை எவனும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனவனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. செபமாலை தினமும் விடியுமுன் சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்குப் போனான். மழைக்காலம் முடிவதற்குள் கத்தி காலில் இறங்கியது. ஜன்னி கண்டு, பல்லைக் கடித்தபடி, வில்லாக வளைந்து செத்தான். அன்றிலிருந்து செல்லசாமி கடைசிப் பேரை வாசித்த பிறகு ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அவரோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

இரண்டாவது பி.ஏ. அழகுமுத்து. கான் வெட்டும் வீரய்யாவுக்கும் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாவுக்கும் மகன். செபமாலையின் தாய் அந்தோனியம்மா இருந்த காம்பராவுக்கு அடுத்த காம்பரா. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள்; நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டு இருமலும் சண்டையும் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசித் தவணையில் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தார். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் பட்டதாரி. அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள். நிர்வாக சேவை, ஆசிரியத் தொழில், சட்டம், வங்கி, பத்திரிகை. "உங்கள் வழியைத் தெரிந்தெடுங்கள்" என்றார். நல்ல மனிதர். அழகுமுத்து ஒவ்வொரு கோடாக நடந்து பார்த்தான். பரீட்சை எழுதப் போன இடத்தில் பிரஜாவுரிமை கேட்டார்கள். ஆசிரியர் வேலைக்குப் போன இடத்திலும் அதையே கேட்டார்கள். வங்கியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அதையே கேட்டார்கள். தாத்தா இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர், அப்பன் இந்த லயத்தில் பிறந்தவன், இவனும் இந்த லயத்தில் பிறந்தவன். அப்பன் பிறந்ததற்குப் பதிவுக் காகிதம் இல்லாததால் நாற்பத்தெட்டாம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அது போதவில்லை. விரிவுரையாளர் வரைந்த வழிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாசல் இருந்தது. அவர் அதை வரையவில்லை. பிறந்ததிலிருந்து அது அவருக்குத் திறந்தே கிடந்ததால் வாசல் என்று அவருக்குத் தெரியாது.

கண்டியில் ஒரு கடை முதலாளி மட்டும் உண்மையைப் பேசினார். "தம்பி, பி.ஏ.வ வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்கு என்னையே கேள்வி கேப்ப."

கடைசியில் ஊர் திரும்பி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனான். துரை தலை நிமிராமலே சொன்னார். "ஒங்கப்பன் கான் வெட்டுறான். நீ ஆபீஸ் நாக்காலியில இருந்தா அவனுக்கு யாரு வேல சொல்றது?"

ஊர் திரும்பிய முதல் விடிகாலையே ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தான். சுவருக்கு மேலாக வந்தது. சரக், சரக் என்று சீராக, நிறுத்தி நிறுத்தி.

"என்னம்மா அது?"

பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "சப்பாத்துத் தொடைக்கிற சத்தம்."

"அந்தோனியம்மா பெரியம்மாவா?"

"அக்கா பீலிக்குத் தண்ணிக்குப் போயிருச்சு. வீடு பூட்டிக் கெடக்கு."

"தெனமும் கேக்குமா?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "இல்ல. இன்னைக்குத்தான். நீ வந்த பெறகு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

புதுக் கண்டாக்கு வந்து சேர்ந்த வாரமே, ஆட்களின் முகம் பழகுமுன், உத்தரவு போட்டான். வயது வந்த ஆள் வேலைக்குப் பேர் கொடுக்காமல் லயத்தில் தங்கக்கூடாது. தங்கினால் காம்பராவைப் பறிப்பார்கள்.

"குடுத்துருவோம்" என்றான் வீரய்யா. "பேருதானே கேக்குறான்."

"பேரு மட்டுமா கேக்குறான்?" என்றாள் பேச்சியம்மா.

"காம்பரா போச்சுன்னா ரோட்டுலயா படுப்பீங்க?" என்றான் அழகுமுத்து. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. வேற எடம் கெடைக்கிற வரைக்கும்."

"அந்தப் புள்ளயும் இதத்தான் சொன்னிச்சு. இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம். எங்காதால கேட்டேன்."

வீரய்யா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

காலையில் பனி. லாந்தர் வெளிச்சம் செல்லசாமியின் முழங்கைக்கு மேல் போகவில்லை. அழகுமுத்து வேட்டியும் அப்பனின் பழைய கம்பளியுமாக வந்தான். வரிசை நெருக்கமாக நின்றது. பின்னால் பள்ளம், ஒதுங்க இடமில்லை. அழகன் அரை அடி நகர்ந்து, "இதுல ஒண்டிக்க தம்பி" என்றான். ஒண்ட முடியவில்லை. அழகுமுத்து போய் அந்த வெளியில் நின்றான்.

பெண்கள் வரிசையில் பேச்சு அறுந்தது.

செல்லசாமி வாசித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பேரும் முடிந்தது. வழக்கம்போல் நின்றார்.

"என்ன நிக்கிறே? வீரய்யா மகன் இன்னைக்குப் பேர் குடுக்கணுமே, கூப்புடு" என்றான் கண்டாக்கு.

"அழகுமுத்து!"

அழகுமுத்துவின் காதருகில் யாரோ பேசப்போகிறவன்போல் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. இடதுபக்கம் அழகன் இரண்டடி தள்ளி நின்றான். வலதுபக்கம் யாருமில்லை. அவன் உதடு தானாகப் பிரிந்தது. ஆங்கிலத்தில்தான் பதில் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அது தன்னுடைய பதில்தானா என்று தெரியவில்லை.

"அவன் இல்லைங்க!"

பேச்சியம்மா வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள்.

"இல்லன்னா? அப்ப இது யாரு?" கண்டாக்கு பிரம்பை நீட்டினான்.

"ஒறம்பரைங்க, சொந்தக்காரரு. துக்கம் சொல்ல வந்தவரு."

"துக்கம் சொல்ல வந்தவன் பெரட்டுல எதுக்கு நிக்கிறான்?"

"வெளியாளுங்க, தெரியாம நின்னுட்டாரு" என்றான் அழகன். "அந்த எடத்துல தோட்டத்தாளு எவனாச்சும் நிப்பானாங்க?"

கண்டாக்கு செல்லசாமியைப் பார்த்தான். கைக்குழந்தையிலிருந்து அழகுமுத்துவைத் தெரிந்தவர் அவர். லாந்தரைக் கொஞ்சம் தாழ்த்தினார். முகங்கள் மறைந்தன.

"நிக்க மாட்டாங்க, சார். தோட்டத்தாளு அங்க நிக்க மாட்டான்."

"சரி. செத்தது யாரு?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. ஏதாவது ஒரு பேரைச் சொல்லலாம். யார் பேரைச் சொன்னாலும் அந்த வீட்டுக்குக் கேடு. உயிரோடு இருக்கிறவர்களின் பேரைச் சாவுக்கு எடுக்க யாருக்கும் உரிமையில்லை. தான் பெற்றதை மட்டும்தான் அவளால் எடுக்க முடியும்.

"எம்மகன்தாங்க" என்றாள். "அழகுமுத்துதாங்க. பேராதனையில. அடக்கமும் முடிஞ்சிருச்சாம்."

வீரய்யா கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அது நடிப்பில்லை. பக்கத்தில் நின்றவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அந்தோனியம்மாதான் முதலில் அசைந்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்து பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். படிச்ச மகனே, பாதையெல்லாம் மூடிப்போச்சே என்று எடுத்தாள். மற்றப் பெண்கள் வந்து கூடினார்கள். பொய்க்கு அழத் தொடங்கியவர்கள்தான். கொஞ்ச நேரத்தில் எது பொய் என்று யாருக்கும் நினைவில்லை. பேச்சியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அந்தோனியம்மா அவள் காதில் சொன்னாள்:

"எனக்கு இது தோணாமப் போச்சேடி."

கண்டாக்கு தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அசௌகரியமாக நின்றான். பிறகு, "அரை நாள் லீவு" என்றான். "அடக்கம் முடிஞ்சிருச்சுல்ல. பகலைக்கு அப்புறம் கொழுந்துக்குப் போகணும்." அழகுமுத்துவிடம் திரும்பினான். "சொல்லியாச்சுல்ல, நீ பஸ்ஸப் புடி."

அழகுமுத்துவுக்கு மாற்றுத் துணி காம்பராவில் இருந்தது. போய் எடுக்க முடியாது. விருந்தாளிக்கு அங்கே துணி ஏது? ஆண்கள் வரிசை கலைந்து அவனைத் தாண்டி மலைக்கு ஏறியது. ஒருவனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுவிடும். அழகன் மட்டும் போகிற போக்கில் அவன் கையில் இரண்டு ரூபாயைத் திணித்தான்.

அவன் தாயைப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கி எங்கே போவது என்று அவனுக்குத் தெரியாது. இனி இந்த லயத்துக்குள் என்ன பேரில் நுழைவது என்றும் தெரியாது. போயிட்டு வர்றேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. சொல்லாமல் இறங்கினான்.